என்ன மீன்?

போன மார்கழியில் அஜக்ஸில் ஒரு பிறந்தநாள் கொண்டாட்டம். பிள்ளைகள் எல்லோரும் பேஸ்மென்ற்றில். பெரியவர்கள் மேலே, சாப்பாட்டு மேசையைச் சுற்றி. மனைவி வழியில் எனக்கு மாமி முறையான ஒருவர் வடைத் தட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, யாருக்கென்று இல்லாமல், “இரவு திரும்பவும் அந்தக் கனவு” என்றார். கிணற்றுக்குள் ஒரு மீன். அவ்வளவுதான் கனவு. அதில் ஆட்கள் இல்லை, சத்தம் இல்லை. கிணறு, தண்ணீர், ஒரு மீன்.

மேசையில் நாலு பேர் நாலு பலன் சொன்னார்கள். மச்சான் ஒருவர் லொட்டோ மக்ஸ் ரிக்கற் எடுக்கச் சொன்னார். மீன் என்றால் காசு. ஒரு அக்கா, அந்தப் பக்கம் நின்ற புது மருமகளைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார்; மீன் என்றால் பிள்ளை. (இது எங்களுடைய சொத்து மட்டுமல்ல. நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் ஜமேய்க்காப் பெண் ஒருவர், தன் தாய் மீனைக் கனவில் கண்டால் வீட்டில் உள்ள பெண்கள் எல்லோரையும் கூப்பிட்டு விசாரிப்பார் என்று சொல்லிச் சிரிப்பார்.) சாத்திரியாரிடம் மாதம் தவறாமல் போய்வரும் ஒருவர், கிணற்றுக்குள் அடைபட்ட மீன் தடைப்பட்ட காரியம், சனிக்கிழமையில் எள்ளெண்ணெய் விளக்கு ஏற்றினால் சரி என்றார். கடைசியில் மாமியின் பேத்தி, பல்கலைக்கழகத்தில் படிக்கிறவள், கைபேசியில் தட்டிப் பார்த்து ஆங்கிலத்தில் வாசித்தாள்: நீர் என்பது ஆழ்மனம், மீன் என்பது அமுக்கி வைத்த உணர்வு.

மாமி எல்லோருக்கும் பொதுவாகச் சிரித்துவிட்டு வெறுந்தட்டை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனார்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்வதற்குரியதை முன்பே சொல்லிவிட்டேன். மூன்று வருசத்துக்கு முன் இதே கனவை என்னிடம் சொன்னபோது, “மச்சாவதாரம் மாமி, பெருமாளே வந்திருக்கிறார்” என்று பகிடியும் பக்தியும் கலந்து சொன்ன ஆள் நான்தான். ஆகவே இந்தக் கட்டுரை அந்த நாலு பேருக்கும் எனக்கும் எதிரானது.

கடல் உயிர்களுக்குச் சொல்லப்படும் பலன்களை ஒருமுறை ஒன்றாக வைத்துப் பாருங்கள். மீன் காசு. செத்த மீன் நட்டம். சுறா எதிரி. நண்டு பின்னடைவு, அது பின்னுக்கு நடக்குமாம். (நண்டு பின்னுக்கு நடப்பதில்லை, பக்கவாட்டில் நடக்கும். பார்த்தவன் எழுதிய பலனா இது?) ஆமை இப்போதெல்லாம் நீண்ட ஆயுள். ஆமை புகுந்த வீடு உருப்படாது என்று சொன்ன அதே வாய்தான். சீனக் கடைகளில் விற்கும் பச்சைக்கல் ஆமையைப் பார்த்த பிறகு எங்கள் ஆமைக்கும் ஆயுள் கூடிவிட்டது. இந்தப் பட்டியலில் ஓரிடத்திலாவது ஒரு மீனுக்குப் பெயர் இருக்கிறதா? மீன் என்று மட்டும் இருக்கும். சந்தையில் போய் நின்று “மீன் தாங்கோ” என்று கேட்டால் விற்கிறவர் எங்களை என்ன மாதிரிப் பார்ப்பார்? விளைமீனா, பாரையா, சூடையா, அறக்குளாவா, முரலா, திருக்கையா? கறிக்கு ஒன்று, பொரியலுக்கு ஒன்று, சொதிக்கு ஒன்று, பிள்ளை பெற்றவளுக்குப் பால்சுறா. சட்டிக்குள் போகிற மீனுக்கு இவ்வளவு பெயர் வைத்திருக்கும் நாங்கள், கனவுக்குள் வருகிற மீனுக்கு ஒரு பெயர்கூடக் கேட்பதில்லை.

எனக்குத் தெரிந்த காரணம் ஒன்று உண்டு. இந்தப் பலன்கள் கரையில் எழுதப்பட்டவை அல்ல. தோட்டமும் கோயிலும் பள்ளிக்கூடமும் உள்ள உள்ளூர்களில், எங்கள் ஆட்களால், எங்கள் ஆட்களுக்காக எழுதப்பட்டவை. நான் செம்பாட்டு மண்ணில் பிறந்தவன். வெங்காயத்துக்குத் தண்ணீர் மாறி வளர்ந்தவன். கடல் எங்களுக்குச் சைக்கிளில் எட்டுகிற தூரம். ஆனாலும் அது வேறு நாடு. கடலில் தொழில் செய்கிறவர்களைச் சாதிப்பெயர் சொல்லி ஒரு படி கீழே நிறுத்திவிட்டு, அவர்கள் கொண்டுவந்த மீனை மட்டும் வாங்கிக்கொண்டோம். அப்படி வாழ்ந்தவனுக்கு மீன் எங்கிருந்தோ வந்து கடகத்தில் விழும் பொருள். எங்கிருந்தோ வந்து விழும் பொருளுக்கு மனிதர் வைக்கும் பொதுப்பெயர் அதிர்ஷ்டம். கடலுக்குப் போகிறவனுக்கு மீன் அதிர்ஷ்டம் அல்ல. அது வலை, எஞ்சின் எண்ணெய், வாடைக்காற்றா சோளகமா என்ற கணக்கு, கடன், ஒரு நாள் உழைப்பு.

கரை மக்களிடம் குறி பார்க்கிற வழக்கம் இல்லை என்று நான் சொல்லவில்லை. பட்டினப்பாலையில் பரதவர் சுறாவின் கொம்பை நட்டு வழிபடுகிறார்கள். ஆனால் அந்தக் கொம்பைப் பார்த்து அவர்கள் லொத்தர் எண் கேட்கவில்லை. எதன் வாயிலிருந்து பிழைத்து வந்தார்களோ, எதைக் கொன்று தின்றார்களோ, அதன் கொம்பை அதற்குரிய மரியாதையோடு நட்டார்கள்.

“கனவு நூல் எங்கள் பழைய சாத்திரம்” என்று வாதாடுவோருக்காகக் கொஞ்சம் பழையதையே பார்ப்போம். பொன்னவன் பெயரில் ஒரு கனாநூல் இருக்கிறது. இரவின் முதற்சாமத்தில் கண்ட கனவு ஒரு வருசத்தில் பலிக்கும், இரண்டாம் சாமத்தில் எட்டு மாதம், மூன்றாம் சாமத்தில் மூன்று மாதம், கடைச்சாமத்தில் கண்டது பத்து நாளில் என்று கணக்குத் தருகிறது. எல்லாம் முன்னுக்குப் போகிற கணக்கு. இருபது வருசத்துக்கு முன் நடந்து முடிந்த ஒன்று இன்று இரவு கனவில் வந்தால் அதற்கு எந்தச் சாமம்? அந்தக் கேள்வியே அந்த நூலுக்குள் வராது. கனவு என்றால் வரப்போவது. வந்து போனது கனவாக வரலாம் என்ற எண்ணம் அங்கே இல்லை.

சிலப்பதிகாரத்தில் நிலைமை இன்னும் சுவாரசியம். புகார் கடல்துறைமுகம். அந்த நகரத்தில் இருந்து கண்ணகி காணும் கனவில் கடலும் இல்லை, மீனும் இல்லை. தங்கள்மேல் விழுந்த பழியைத் தேள் இட்டதுபோல என்கிறாள். கேட்ட தேவந்தி உடனே பரிகாரம் சொல்கிறாள்: காவிரி கடலோடு கலக்கும் இடத்தில் சோமகுண்டம், சூரியகுண்டம் என்ற இரு குளங்களில் முழுகிக் காமவேள் கோட்டத்தில் கும்பிடு, கணவனோடு சேர்வாய். அன்றைய எள்ளெண்ணெய் விளக்கு. கண்ணகி அது பெருமையன்று என்று மறுத்துவிடுகிறாள். பரிகாரம் பழையது என்றால் அதை மறுத்ததும் அதே அளவு பழையது. எங்கள் மேடைகளில் கண்ணகியைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறவர்கள் இந்த மறுப்பைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை.

என் மனதுக்கு மிகவும் நெருங்கியது நற்றிணை 87, நக்கண்ணையார் பாட்டு. மாமரத்தில் தொங்கும் வௌவால் ஒன்று அழிசியின் காட்டு நெல்லிக்காயின் புளிப்பைக் கனவில் சுவைக்கிறது. அதுபோல இருந்தது என் இன்பமும் என்கிறாள் தலைவி. அவள் நினைப்பில் வருவது அவனுடைய ஊர்த்துறை: அங்கே மேயும் இப்பியின் ஈர முதுகில் புன்னைப்பூவின் தாது உதிர்கிறது. கனவும் கடலுயிரும் ஒரே பாட்டில். ஆனால் வௌவால் நெல்லியைக் கண்டால் என்ன பலன், இப்பி நினைவில் வந்தால் காசு வருமா என்று தோழி கேட்கவில்லை. வௌவாலுக்கு நெல்லி வேண்டியிருந்தது. அவளுக்கு அந்தக் கரை வேண்டியிருந்தது. இப்பிக்கு இப்பி என்று பெயர் இருக்கிறது, அதன் முதுகு ஈரமாக இருக்கிறது, எந்த மரத்தின் பூ அதன்மேல் விழுகிறது என்றும் தெரிகிறது. சிக்மண்ட் பிராய்டும் 1900 என்று ஆண்டிட்டு வந்த தன் கனவு நூலில் ஒரு பழமொழியை எடுத்துவைக்கிறார்: வாத்து சோளத்தைக் கனவு காணும். நக்கண்ணையாரின் வௌவால் அவருக்குத் தெரிந்திருந்தால் சந்தோசப்பட்டிருப்பார்.

கிரேக்கத்திலும் கனவுப் பலன் விற்றார்கள். இரண்டாம் நூற்றாண்டில் ஆர்ட்டெமிடோரஸ் எழுதிய கனவு நூலில் மீன்களுக்கே தனிப்பகுதி உண்டு. ஆனால் அந்த மனிதர் ஒரு விசயத்தில் எங்கள் சாத்திரியாரை விட நாணயமானவர்: கனவு கண்டவர் யார், என்ன தொழில், அடிமையா எசமானா, நோயாளியா என்று கேட்காமல் பலன் சொல்லக்கூடாது என்கிறார். எங்கள் வானொலியில் கேட்பது பிறந்த நட்சத்திரத்தை மட்டும்.

சரி, மாமியின் கிணற்றுக்கு வருகிறேன்.

அன்றிரவு அவரை வீட்டில் இறக்கிவிட நான்தான் கூட்டிப் போனேன். ஹார்வூட் வீதியில் பனி கொட்டிக்கொண்டிருந்தது. பேத்தி பின் இருக்கையில் காதில் எதையோ மாட்டிக்கொண்டு இருந்தாள். பேச்சுக்கு ஒன்று வேண்டுமென்றுதான் கேட்டேன், சந்தையில் கேட்கிற மாதிரி: “என்ன மீன் மாமி அது?”

ஒரு கணமும் யோசிக்கவில்லை. “ஓரா, தம்பி.”

ஓரா என்றால் முதுகு முள் குத்தினால் கை விண்விண் என்று கடுக்கும் மீன். வலையில் இருந்து கழற்றத் தெரிந்தவர்கள்தான் கழற்றவேண்டும். பாறையிலும் பாசியிலும் மேய்கிற மீன். நல்ல தண்ணீர்க் கிணற்றில் அதற்கு என்ன வேலை? அதைத்தான் அடுத்துக் கேட்டேன்.

மாமியின் ஊர் வடமராட்சி கிழக்கில், உடுத்துறைப் பக்கம். 2004 மார்கழி 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை. மாமா கடலில் நின்றார். ஆழக்கடலில் நின்றவர்களுக்கு அலை ஒன்றுமே தெரியவில்லை. திரும்பி வந்தபோதுதான் ஊர் இல்லை. மாமி மகளை ஒரு கையிலும் மகனை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு ஓடினார். மகள் கையில் இருந்தாள். மகனுக்கு எட்டு வயது. தண்ணீர் வடிந்த பிறகு வளவுக்குத் திரும்பி வந்து, வீடு நின்ற இடத்தில் ஒன்றும் இல்லாததால், மிச்சமாக நின்ற கிணற்றை எட்டிப் பார்த்திருக்கிறார். பிள்ளை உள்ளே இருக்குமோ என்று. கிணறு விளிம்புவரை கலங்கல். அதற்குள் ஒரு ஓரா சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தது.

“எவ்வளவு நேரம் நிண்டனோ தெரியாது. நல்ல தண்ணிக் கிணறு தம்பி, ஊருக்கே அள்ளுறது. உப்பாப் போச்செண்டு யோசிச்சனான். இதை ஆர் இறைக்கிறதெண்டு யோசிச்சனான். பிள்ளையைத் தேடப் போனவள், அந்த மீனைப் பாத்துக்கொண்டு நிண்டனான்.”

பிள்ளையை அடுத்த நாள் வடலிக்குள் எடுத்தார்கள்.

இந்தப் பெண்ணுக்குத்தான் காசு வரப்போகிறது என்றோம். பிள்ளை வரப்போகிறது என்றோம். அதைச் சொல்லிவிட்டு வடையும் சாப்பிட்டோம். நான் பெருமாளையே அந்தக் கிணற்றுக்குள் இறக்கினேன். இது மூடநம்பிக்கையைப் பற்றிய வழக்கமான புகார் என்று யாராவது நினைத்தால், இல்லை. லொட்டோ எடுக்கிறவர் எடுக்கட்டும். என் கோபம் வேறு இடத்தில். பலன் சொல்வது கேட்காமல் இருப்பதற்கு நாங்கள் கண்டுபிடித்த மிக மரியாதையான வழி. ஒருவர் வாய் திறந்து “இரவு ஒரு கனவு” என்று தொடங்குகிறார்; நாங்கள் உடனே பலனைக் கையில் கொடுத்து வாயை மூடிவிடுகிறோம். நல்ல பலன் என்றால் இன்னும் மோசம், அதற்கு நன்றி வேறு சொல்லவேண்டும். மாமி எத்தனை வீடுகளில் அந்த மீனைக் கொண்டுபோய் வைத்துப் பார்த்திருப்பார்? கனடாவுக்கு வந்த இரண்டாம் பனிக்காலத்தில் தொடங்கிய கனவு. இத்தனை வருசத்தில் என்ன மீன் என்று முதலில் கேட்டவன் நான் என்றார். அதில் எனக்குப் பெருமை ஒன்றும் இல்லை. தவறுதலாகக் கேட்டேன்.

அந்த அலையில் இலங்கையில் 30,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதற்குப் பிறகு பல வாரங்களுக்கு கரையோரங்களில் மீன் விலை விழுந்து கிடந்தது; மீன் பிணம் தின்றிருக்கும் என்று சனம் வாங்கவில்லை. எங்கள் வீடுகளிலும் வாங்கவில்லை, உங்களுக்கு நினைவிருக்கும். அந்த வாரங்களில் எங்கள் எல்லோருக்கும் மீன் என்றால் என்ன என்று தெரிந்திருந்தது. பிறகு மறந்துவிட்டுத் திரும்பவும் காசு என்கிறோம்.

இரண்டாம் தலைமுறைக்கும் ஒரு வார்த்தை. எள்ளெண்ணெயைப் பார்த்துச் சிரிக்கிற நீங்கள் கைபேசியில் வாசிப்பதும் பஞ்சாங்கம்தான், எழுத்து மட்டும் வேறு. “நீர் ஆழ்மனம்” என்பதும் “மீன் காசு” என்பதும் ஒரே வேலையைச் செய்கின்றன: கனவைக் கண்ட ஆளை வெளியே அனுப்பிவிட்டு கனவை மட்டும் உள்ளே வைத்துக்கொள்கின்றன. பிராய்டின் நூலில் மீன் ஆண்குறியின் குறியீடுகளில் ஒன்றாக வருகிறது. அதைப் பிடித்துக்கொண்டு நிற்பவர்கள், அதே பிராய்ட் 1920 இல் எழுதியதை வாசிப்பதில்லை. முதல் உலகப்போரிலிருந்து திரும்பியவர்கள் இரவுக்கிரவு அதே இடத்துக்கு, அதே பயத்துக்குக் கனவில் திரும்பிப் போவதைப் பார்த்து, எல்லாக் கனவும் ஆசை நிறைவேற்றம் என்ற தன் விதி இங்கே பொருந்தவில்லை என்று ஒப்புக்கொண்டார். சில கனவுகள் எதற்கும் குறியீடு அல்ல. அந்த இடம்தான் திரும்ப வருகிறது. நாங்கள் இருக்கும் இந்த அஜக்ஸே 1941 இல் எறிகணை செய்யும் தொழிற்சாலையைச் சுற்றி எழுந்த ஊர். பெயர்கூட ஒரு போர்க்கப்பலின் பெயர். எறிகணை விழுந்த பக்கத்தில் இருந்து வந்தவர்கள் இன்று இந்த ஊரில் படுத்துக் கனவு காண்கிறார்கள். அவர்களுடைய கனவுகளைப் பொதுக்குறியீட்டு அகராதியில் தேடாதீர்கள்.

காரில் பேத்தி காதில் மாட்டியதைக் கழற்றிவிட்டிருந்தாள் என்பது வீட்டு வாசலில்தான் எனக்குத் தெரிந்தது. தனக்கு ஒரு மாமா இருந்தார், சுனாமியில் போனார் என்பது அவளுக்குத் தெரியும். பெயர் தெரியாது. அம்மம்மாவிடம் பெயரைக் கேட்டாள். மாமி சொன்னார். பிறகு ஓரா என்றால் என்ன என்று கேட்டாள், படம் தேடிப் பார்த்தாள். “இதுதானா அம்மம்மா?” “இது கொஞ்சம் பெரிசு.”

இந்தப் பத்திரிகையை வாசிக்கிறவர்கள் தங்களுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று நினைத்துவிடக்கூடாது. சாத்திரியாரை விட மோசமாகக் கடலைக் கையாள்கிறவர்கள் நாங்கள், எழுதுகிறவர்கள். எங்கள் கவிதைகளில் கடல் தாய், அலை விடுதலை அல்லது மரணம், மீன் அகதி. அஜக்ஸில் டஃபின்ஸ் ஓடையில் புரட்டாதி ஐப்பசியில் சால்மன் ஏறும். அதைப் பார்க்கப் போன கவிஞர் எவரும் “தாய்மண் தேடித் திரும்பும் மீன்” என்று எழுதாமல் வீடு திரும்பியதில்லை. அங்கே அதிகம் ஏறுவது சினூக் சால்மன். பசிபிக் கரையிலிருந்து மனிதர் கொண்டுவந்து ஏரியில் விட்ட இனம். இந்த ஏரிக்கே உரிய அத்திலாந்திக் சால்மன் 1890களின் முடிவோடு அழிந்துபோனது; இப்போது திரும்பக் கொண்டுவரப் பாடுபடுகிறார்கள். உண்மையில் இதில் எவ்வளவு கதை இருக்கிறது! ஆனால் எங்களுக்குப் பெயர் தேவைப்படவில்லை. மீன் என்றால் மீன், அது நாங்கள்தான். ஆறு மாதத்துக்கு ஒரு கவிதை.

ஒரு எதிர்வாதம் மட்டும் என்னைத் தொந்தரவு செய்கிறது. பலன் ஆறுதல் தருகிறதே, அதைப் பறிக்க நீ யார் என்று என் மனைவி கேட்டார். நியாயமான கேள்வி. சடங்கு தரும் ஆறுதலை நான் மறுக்கவில்லை. ஆடி அமாவாசைக்குக் கீரிமலையில் கடலைப் பார்த்து நின்று பெயர் சொல்லித் தண்ணீர் விடுகிறார்களே, அதில் இறந்தவருக்குப் பெயர் இருக்கிறது, உறவு முறை இருக்கிறது, இறந்துவிட்டார் என்ற ஒப்புதல் இருக்கிறது. காசு வரும் என்பதில் இவை ஒன்றும் இல்லை. அது மாமிக்கு ஆறுதலாக இருந்ததா என்று மாமியிடம் யாரும் கேட்கவில்லை. ஆறுதல் சொன்னவருக்கு இருந்திருக்கும். இப்படித்தான் மனைவிக்குப் பதில் சொன்னேன். அவர் முழுதாக ஏற்றுக்கொள்ளவில்லை. “அப்ப நீங்கள் கேட்டதாலை மாமிக்கு நித்திரை வருதோ?” என்றார்.

வரவில்லை. கனவு நிற்கவும் இல்லை. தைமாதம் இரண்டுமுறை வந்ததாகச் சொன்னார். இப்போது அதைச் சொல்லும்போது “மீன்” என்று சொல்வதில்லை, “ஓரா” என்கிறார். மகனின் பெயரும் ஒருமுறை பேச்சில் வந்தது. மாறியது அவ்வளவுதான்.

பன்னிரண்டு வருசத்துக்கு முன் சுனாமியைப் பற்றி நான் ஒரு சிறுகதை எழுதினேன். பரிசும் கிடைத்தது. போன கிழமை எடுத்து வாசித்துப் பார்த்தேன். பதினொரு இடத்தில் மீன் வருகிறது, இரண்டு கனவிலும் வருகிறது. என்ன மீன் என்று ஒரு இடத்திலும் இல்லை.